குண்டை எண்ணாத ஒப்பந்தங்கள்: அணு ஆயுதக் கணக்கை எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

கேள்வி இது: "அமெரிக்காவும் ரஷ்யாவும் ஆளுக்கு 1,550 அணுகுண்டுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்று கையெழுத்துப் போட்டார்களே, ஒருவர் சொன்ன கணக்கை மற்றவர் எப்படி நம்பினார்? நாலு குண்டை எங்காவது ஒளித்துவைத்தால் யாருக்குத் தெரியும்?"

நாலு குண்டை ஒளித்துவைத்தால் யாருக்கும் தெரியாது. குண்டின் உள்ளே இருக்கும் புளூட்டோனியம் நான்கு கிலோ என்று வைத்துக்கொண்டால், அது ஓர் ஆரஞ்சுப் பழத்தின் அளவுகூட இருக்காது. பூமிக்கு அடியில் ஓர் அறையில் பூட்டிவைத்தால் எந்தச் செயற்கைக்கோளுக்கும் அகப்படாது. இது ஒப்பந்தம் எழுதியவர்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அதனால்தான் எந்த ஒப்பந்தமும் ஒரு நாட்டிடம் இருக்கும் மொத்தக் குண்டுகளை எண்ணியதில்லை. கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிந்ததை மட்டும் எண்ணினார்கள். பார்க்கும் வழி மாறியபோதெல்லாம் எண்ணும் விதியும் மாறியது.

1972 மே மாதம் அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் மாஸ்கோவில் கையெழுத்திட்ட சால்ட் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அன்று எந்த நாடும் அடுத்த நாட்டு ஆய்வாளரைத் தன் தளத்துக்குள் விடத் தயாராக இல்லை. கையில் இருந்த ஒரே கருவி செயற்கைக்கோள். வானத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? சைலோ எனப்படும் நிலத்தடி ஏவுகுழி தெரியும், நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் தளம் தெரியும். ஆகவே குழிகளையும் கப்பலின் ஏவுகுழாய்களையும் எண்ணினார்கள். ஏவுகணைகளை எண்ணவில்லை, அவற்றின் நுனியில் உள்ள வெடிமுனைகளையும், அதாவது ஏவுகணை சுமக்கும் அணுகுண்டுகளையும், எண்ணவில்லை. ஒருவர் செயற்கைக்கோளுக்கு மற்றவர் இடையூறு செய்யக்கூடாது, வேண்டுமென்றே மூடி மறைக்கக்கூடாது என்று ஒரு விதியும் சேர்த்தார்கள். அமெரிக்கா தன் மினிட்மேன் ஏவுகணைக் குழிகளைப் பலப்படுத்தும்போது மேலே கொட்டகை போட்டது. கான்கிரீட் வேலைக்குத்தான் என்றது. எங்கள் செயற்கைக்கோளின் பார்வையை மறைக்கிறீர்கள் என்று சோவியத் தரப்பு புகார் செய்தது. இதுபோன்ற சச்சரவுகளைப் பேசித் தீர்க்கவென்றே ஒரு நிரந்தரக் குழுவை ஒப்பந்தத்தோடு சேர்த்து அமைத்திருந்தார்கள். செய்தித்தாள்களில் அதிகம் வராத அந்தக் குழு, உச்சிமாநாடுகளைவிட அதிகமாக உழைத்தது என்பது என் கணிப்பு.

குழியை எண்ணிவிட்டால் அடுத்த சிக்கல்: ஒரே ஏவுகணையின் மூக்குக்குள் பத்து வெடிமுனைகள் இருக்கலாம். வானத்திலிருந்து மூக்குக்குள் பார்க்க முடியாது. அதற்கு ஒரு முரட்டு விதி கண்டுபிடித்தார்கள். ஒரு வகை ஏவுகணைக்கு ஒரு எண். அந்த வகையைச் சேர்ந்த எல்லா ஏவுகணையும் அத்தனை வெடிமுனை சுமப்பதாகவே கணக்கு. 1991-இல் கையெழுத்தான முதல் ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் சோவியத்தின் எஸ்.எஸ்.-18 என்றால் 10, அமெரிக்காவின் டிரைடென்ட்-2 என்றால் 8. உள்ளே உண்மையில் ஐந்துதான் இருந்தாலும் எட்டாகத்தான் எண்ணப்படும். கணக்கு துல்லியமாக இருக்காது. ஆனால் ஏமாற்ற முடியாது.

அடுத்த நாட்டு ஆய்வாளரை உள்ளே விடாத சுவர் முதலில் உடைந்தது 1987 டிசம்பர் 8 அன்று கையெழுத்தான ஐ.என்.எஃப். ஒப்பந்தத்தில். 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும், தரையிலிருந்து ஏவும் ஏவுகணைகள் இரு நாட்டிடமும் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது விதி. 1991 ஜூன் 1-க்குள் மொத்தம் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. சோவியத்துடையவை 1,846, அமெரிக்காவுடையவை 846. பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: அழிந்தவை ஏவுகணைகள் மட்டுமே. அவற்றிலிருந்த அணு வெடிமுனையையும் வழிகாட்டும் கருவிகளையும் முன்கூட்டியே கழற்றி எடுத்துக்கொள்ள ஒப்பந்தமே அனுமதித்தது. குண்டு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதிலைச் சரிபார்க்க வழி இல்லை.

அந்த ஒப்பந்தத்தில் சரிபார்ப்பு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பிரச்சினை எங்கே வரும் என்பது அங்கேதான் தெரிகிறது. ரஷ்யாவின் உட்முர்த் பகுதியில் உள்ள வோட்கின்ஸ்க் ஆலையில் தடைசெய்யப்பட்ட எஸ்.எஸ்.-20 ஏவுகணையும் செய்யப்பட்டது, அனுமதிக்கப்பட்ட எஸ்.எஸ்.-25 ஏவுகணையும் செய்யப்பட்டது. இரண்டின் முதல் அடுக்கும் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்று. அதுவும் மூடிய உருளைக்குள் வைத்துத்தான் வெளியே வரும். ஆகவே ஆலையின் வாசலிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள், அதிகபட்சம் 30 பேர், இரவு பகலாகக் குடியிருந்தார்கள். பதிலுக்கு யூட்டா மாநிலத்தின் மாக்னாவில் இருந்த ஆலை வாசலில் சோவியத் ஆய்வாளர்கள் உட்கார்ந்தார்கள். ஏவுகணை அளவுக்குப் பெரிதான எந்த வண்டி வெளியே வந்தாலும் அளந்து பார்ப்பார்கள். அதற்கும் மேல், இரண்டாம் அடுக்கின் நீளம் அகலத்தைப் பார்க்க வோட்கின்ஸ்கில் ஒரு பெரிய எக்ஸ்ரே இயந்திரம் நிறுவினார்கள். 1990 மார்ச்சில் அங்கே தகராறு வெடித்தது. உங்கள் இயந்திரம் தேவைக்கு அதிகமாகக் காட்டுகிறது என்றது சோவியத் தரப்பு. எக்ஸ்ரே எடுக்காமலே சில ஏவுகணைகள் வாசலைத் தாண்டிப் போயின. பேசித்தான் தீர்த்தார்கள். எதிராளி கொடுக்க ஒப்புக்கொண்ட தகவலைவிட ஒரு துளி அதிகமாக உறிஞ்சும் கருவி எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது. இந்தப் பாடம் பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

இன்னொரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. எஸ்.எஸ்.-25 நிற்கும் கொட்டகைகளின் கூரையைத் திறக்கலாம். அமெரிக்கா கேட்டால், ஆறு மணி நேரத்துக்குள் ஒரு தளத்தின் எல்லாக் கொட்டகைக் கூரைகளையும் திறந்து, ஏவுகணை வண்டிகளை வெட்டவெளியில் நிறுத்தி, பன்னிரண்டு மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். வருஷத்துக்கு ஆறு முறை கேட்கலாம். இடையில் செயற்கைக்கோள் தலைக்கு மேல் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும். ஆள் அனுப்பத் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை.

எஸ்.எஸ்.-25-இன் உருளைக்குள் எஸ்.எஸ்.-20-ஐ வைத்துவிட்டால் என்ன செய்வது என்ற சந்தேகத்துக்கு இயற்பியல் பதில் சொன்னது. எஸ்.எஸ்.-20-இல் மூன்று வெடிமுனைகள், எஸ்.எஸ்.-25-இல் ஒன்று. புளூட்டோனியம்-240 என்ற ஐசோடோப் தானாகவே பிளந்து, ஒரு கிராமுக்கு ஒரு நொடியில் ஏறக்குறைய ஆயிரம் நியூட்ரான்களை உமிழும். ஆயுதத் தரப் புளூட்டோனியத்தில் அது சுமார் 6 சதவீதம். நாலு கிலோவில் 240 கிராம், அதாவது நொடிக்குச் சுமார் 2.4 லட்சம் நியூட்ரான். இதை உருளைக்கு வெளியே இருந்தே அளக்கலாம். மூன்று வெடிமுனை சுற்றி உட்கார்ந்திருக்கும்போது நியூட்ரான் பரவும் கோலம் வேறு, ஒன்று மட்டும் இருக்கும்போது வேறு. இரண்டையும் முன்பே அளந்து பதிவுசெய்து வைத்துக்கொண்டு, ஆய்வின்போது ஒப்பிட்டார்கள்.

இதில் ஒரு பலவீனம் உண்டு, மறைக்கக்கூடாது. செறிவூட்டிய யுரேனியத்தில் மட்டும் செய்த குண்டு நியூட்ரானை அநேகமாக உமிழ்வதே இல்லை. யுரேனியம்-235 தரும் 186 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிர் பலவீனமானது. சில மில்லிமீட்டர் ஈயத் தகடு போதும், காணாமல் போய்விடும்.

2010 ஏப்ரல் 8 அன்று ப்ராகில் ஒபாமாவும் மெத்வதேவும் கையெழுத்திட்ட நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் வரம்புதான் கேள்வியில் வரும் 1,550. அதன் முழு வரம்புகள் மூன்று: ஏவத் தயாராக நிறுத்தப்பட்ட ஏவுகணைகளும் கனரகக் குண்டுவீச்சு விமானங்களும் சேர்ந்து 700, அவற்றின் மேல் 1,550 வெடிமுனை, நிறுத்தியதும் நிறுத்தாததுமாக ஏவுகருவிகளும் விமானங்களும் 800. இதில் 'வகைக்கு ஒரு எண்' என்ற பழைய விதியைக் கைவிட்டு, ஒவ்வொரு ஏவுகணையிலும் உண்மையில் எத்தனை இருக்கிறதோ அத்தனையை எண்ணினார்கள். அதனால் மூக்கைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும் என்றாயிற்று.

அது இப்படி நடக்கும். வருகிற விவரம் குறைந்தது 32 மணி நேரத்துக்கு முன் சொல்லப்படும். எந்தத் தளம் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பேர் வரையிலான குழு, ரஷ்யா என்றால் மாஸ்கோவிலோ உலான் உதேயிலோ, அமெரிக்கா என்றால் வாஷிங்டனிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ இறங்கும். இறங்கிய பிறகுதான் தளத்தின் பெயரைச் சொல்லும். சொன்ன ஒரு மணி நேரத்துக்குள் அந்தத் தளத்தில் நடமாட்டம் உறைய வேண்டும், ஏவுகணை எதுவும் நகரக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுவைத் தளத்தில் கொண்டுசேர்க்க வேண்டும். அங்கே தளத்து அதிகாரி ஒரு பட்டியலைக் கொடுப்பார்: இன்ன ஏவுகணை, இன்ன வரிசை எண், இத்தனை வெடிமுனை. பட்டியல் கையில் வந்த பிறகு குழு ஒரே ஒரு ஏவுகணையைச் சுட்டிக்காட்டும். 'இதைத் திற.'

திறப்பதற்கு முன் வெடிமுனைகளின் மேல் துணி அல்லது கடினமான உறை போடப்படும், வடிவம் தெரியக்கூடாது என்பதற்காக. இந்த உறையில்தான் சண்டை. ஒரே பெரிய உறைக்குள் இரண்டைப் போட்டுவிட்டால்? ஆகவே ஒரு வெடிமுனைக்கு ஓர் உறை என்று நியூ ஸ்டார்ட் கட்டாயமாக்கியது. ஆய்வாளர் உறைகளை எண்ணுவார். இந்த உறைக்குள் இருப்பது குண்டு இல்லை, வெறும் கருவி என்று தளத்தார் சொன்னால், நியூட்ரான் அளவியை எடுப்பார். முதலில் தூரத்தில் வைத்து சூழலில் எப்போதும் இருக்கும் பின்னணியை அளப்பார், பிறகு பொருளின் அருகில். இங்கே புள்ளியியல் தெரியாவிட்டால் வம்பு. பின்னணி 100 எண்ணிக்கை என்றால், அதன் வர்க்கமூலமான 10 அளவுக்குத் தற்செயலாகவே ஏறி இறங்கும். அருகில் 112 வந்தது என்று குதித்துவிடக்கூடாது. 140, 150 வந்தால் அது தற்செயல் அல்ல. காஸ்மிக் கதிர் உயரமான இடத்தில் கூடும் என்பதால், பின்னணியை அதே தளத்தில் அதே நாளில் அளந்தால்தான் செல்லும்.

இத்தனை ஏவுகணையில் ஒன்றைப் பார்த்தால் போதுமா? போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒப்பந்தப்படி நிறுத்தப்பட்ட ஆயுதங்கள் உள்ள தளங்களுக்கு வருஷத்துக்குப் பத்து ஆய்வு, மற்ற இடங்களுக்கு எட்டு. பத்தில் ஒரு ஏவுகணையில் ஒரு நாடு பொய் சொல்கிறது என்று வைப்போம். பத்து ஆய்விலும் அகப்படாமல் தப்ப 0.9-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும்: 35 சதவீதம். இரண்டு வருஷத்தில் 12 சதவீதம். ஒன்றிரண்டு ஏவுகணையில் ஏமாற்றினால் தப்பலாம்தான், ஆனால் அதனால் கிடைக்கும் லாபம் போரின் போக்கை மாற்றாது. மாற்றும் அளவுக்கு ஏமாற்றினால் அகப்படுவோம். ஒப்பந்தம் எழுதியவர்கள் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

இதோடு ஒவ்வொரு ஏவுகணைக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு. ஆலையிலிருந்து வெளிவருவது, தளம் மாறுவது, பழுதுபார்க்கப் போவது என எல்லாவற்றுக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். இப்படி 25,000-க்கும் மேற்பட்ட அறிவிப்புகள் பரிமாறப்பட்டன. இதன் வலிமை என்னவென்றால், பட்டியலில் இல்லாத எண்ணோடு, அல்லது இருக்கவேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில், ஒரே ஒரு ஏவுகணை தட்டுப்பட்டாலும் அதுவே மீறலுக்குச் சான்று. நாட்டிலுள்ள எல்லாவற்றையும் எண்ணிக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

குண்டுவீச்சு விமானத்துக்கு மட்டும் பழைய முரட்டு விதி தொடர்ந்தது: ஒரு விமானம் என்றால் ஒரு வெடிமுனை. பி-52 விமானம் இருபது க்ரூஸ் ஏவுகணைகள் வரை சுமக்கும். அப்படியிருந்தும் ஒன்று என்று எண்ணக் காரணம், சாதாரண நாட்களில் விமானத்தில் குண்டு ஏற்றி வைப்பதில்லை. குண்டுகள் கிடங்கில் இருக்கும். கிடங்கைத் திறந்துகாட்ட இரு நாடும் தயாராக இல்லை.

ஆக, கிடங்கு முழுவதும் கணக்குக்கு வெளியே நின்றது. 2023-ஆம் வருஷத்து நிலவரம் பற்றி அமெரிக்கா தானாக வெளியிட்ட கணக்குகளை வைத்துப் பார்த்தால் நிறுத்தப்பட்டவை 1,419, படையின் கையிருப்பு மொத்தம் 3,748. இரண்டாயிரத்துச் சொச்சம் எந்த ஒப்பந்தத்தின் கண்ணிலும் படாதவை. ரஷ்யாவிடமும் இப்படியொரு பெரிய கிடங்கு உண்டு. குறுகிய தூர ஆயுதங்களும் இதில் அடக்கம்.

இதை எண்ணத்தான் முடியாதா என்று கேட்டால், முடியும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கடினம். 1989 ஜூலையில் கருங்கடலில், யால்டாவுக்கு அருகில், ஸ்லாவா என்ற சோவியத் போர்க்கப்பலில் ஒரு பரிசோதனை நடந்தது. அமெரிக்க விஞ்ஞானிகள் ஜெர்மானியம் காமா அளவியைக் க்ரூஸ் ஏவுகணைக் குழாயின் மேல் வைத்து, உள்ளே இருந்த வெடிமுனையின் காமா நிறமாலையை, அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு காமாக் கதிர் வருகிறது என்ற வரைபடத்தை, எடுத்தார்கள். சோவியத் குழு ஹெலிகாப்டரில் நியூட்ரான் அளவியைப் பொருத்திப் பறந்து, பல மீட்டர் தள்ளியிருந்தே கண்டுபிடித்தது. யுரேனியம்-235, புளூட்டோனியம்-239 இரண்டின் கோடுகளும் தெளிவாக விழுந்தன. (பின்னாளில் மாஸ்க்வா என்று பெயர் மாறி, 2022 ஏப்ரலில் மூழ்கியது இதே கப்பல்தான்.) பரிசோதனை வெற்றி, ஆனால் அந்த வெற்றியே தடை. நல்ல நிறமாலை ஒன்றைக் கையில் கொடுத்தால் குண்டின் உட்கூறுகளைப் பற்றி நிறைய ஊகித்துவிடலாம். வோட்கின்ஸ்க் எக்ஸ்ரேயின் அதே கதை.

இதைத் தாண்ட இரண்டு வழிகளைத் தேடினார்கள். ஒன்று, அளவியைப் பெட்டிக்குள் பூட்டி, வெளியே பச்சை விளக்கு அல்லது சிவப்பு விளக்கு மட்டும் தெரியச் செய்வது. 1996 முதல் 2002 வரை அமெரிக்கா, ரஷ்யா, சர்வதேச அணுசக்தி முகமை மூவரும் சேர்ந்து இதில் உழைத்தார்கள். சிக்கல்: பெட்டியைச் செய்தவர் உள்ளே சூது வைக்கவில்லை என்று இரு தரப்பும் ஒரே நேரத்தில் நம்ப வேண்டும்.

மற்றொன்று 2014-இல் பிரின்ஸ்டனைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் முன்வைத்தது. இதைக் கிண்ணமும் மணியும் வைத்து விளக்கலாம். என்னிடம் இரண்டு கிண்ணங்கள், இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் மணிகள் என்று உங்களிடம் நிரூபிக்க வேண்டும், ஆனால் எத்தனை என்று சொல்லமாட்டேன். நான் இரண்டு வாளிகளில், நூறு ஆவதற்கு எத்தனை குறைகிறதோ அத்தனை மணியை முன்பே போட்டுவைக்கிறேன். எந்தக் கிண்ணத்தை எந்த வாளியில் கொட்டுவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள். இரண்டு வாளியிலும் சரியாக நூறு வந்தால் கிண்ணங்கள் சமம். நான் ஏமாற்றியிருந்தால் ஒரு முறை தப்ப வாய்ப்பு பாதி, ஐந்து முறை தப்ப 32-இல் ஒன்று. நூறு என்ற எண்ணைத் தவிர வேறெதுவும் உங்களுக்குத் தெரியாது. மணிக்குப் பதில் நியூட்ரான், வாளிக்குப் பதில் முன்பே ஓரளவு நிரப்பிவைத்த, நியூட்ரான் பட்டால் குமிழி உண்டாகும் அளவிகள், கிண்ணத்துக்குப் பதில் இரண்டு வெடிமுனைகள். மிக அழகான யோசனை. ஆனால் 'இது அதைப் போன்றது' என்றுதான் நிரூபிக்கும், ஆகவே ஒப்பிட வைத்த முதல் வெடிமுனை அசல்தானா என்ற கேள்வி மிஞ்சும். அதை ஆய்வாளரே தற்செயலாகத் தேர்ந்த ஏவுகணையின் மூக்கிலிருந்து எடுக்கவேண்டும். அதாவது நேரில் போகும் ஆய்வு இல்லாமல் இந்த வித்தையும் நடக்காது.

எங்கே உடைந்தது என்றும் கேட்டிருந்தால் சொல்வேன்: பெரும்பாலும் விதியின் ஓட்டையில். ஐ.என்.எஃப். ஒப்பந்தத்தின் நேரடி ஆய்வுகள், ஒப்பந்தப்படியே, 13 வருஷத்தில், 2001 மே 31-இல் முடிந்தன. தடை மட்டும் தொடர்ந்தது. ரஷ்யாவின் 9எம்729 ஏவுகணை பற்றிய சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. அசையாத ஏவுகருவியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு வெகு அப்பாலும், வண்டியிலிருந்து 500-க்குள்ளும் தனித்தனியாகச் சோதித்தார்கள், இரண்டையும் சேர்த்தால் தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்பது அமெரிக்க வாதம். எட்டுவதே 480 கிலோமீட்டர்தான் என்றது ரஷ்யா. போய்ப் பார்க்கும் உரிமை இருந்திருந்தால் அளந்து தீர்த்திருக்கலாம். 2019 ஆகஸ்ட் 2 அன்று ஒப்பந்தம் செத்தது. நியூ ஸ்டார்ட் பற்றி ரஷ்யா சொன்ன குறைகளும் வெறுங்கூச்சல் அல்ல. அமெரிக்கா நீர்மூழ்கிகளின் 56 ஏவுகுழாய்களையும் 41 பி-52 விமானங்களையும் அணு வேலைக்கு ஆகாதபடி மாற்றிவிட்டோம் என்று கணக்கிலிருந்து நீக்கியது. திரும்ப மாற்ற முடியாது என்பதை எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை என்றது ரஷ்யா. முதல் ஸ்டார்ட் காலத்தில் இந்தச் சந்தேகமே எழாது. அப்போது அரிசோனா பாலைவனத்தில் பி-52 விமானங்களைத் துண்டு துண்டாக வெட்டி, செயற்கைக்கோள் பார்க்கட்டும் என்று 90 நாள் அப்படியே போட்டுவைத்தார்கள்.

நியூ ஸ்டார்ட் ஆய்வுகள் 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றன. 2023 பிப்ரவரி 21 அன்று பங்கேற்பை நிறுத்திவைப்பதாகப் புதின் அறிவித்தார். ஒப்பந்தத்தை ஒருமுறைதான் நீட்டிக்க முடியும், அந்த நீட்டிப்பின் கடைசி நாள் 2026 பிப்ரவரி 5. கையில் மிஞ்சுவது 1972-இல் இருந்தது போலச் செயற்கைக்கோள். குழிகளை அது இன்றும் எண்ணும், நன்றாகவே எண்ணும். ஆனால் மினிட்மேன்-3 ஏவுகணையில் இன்று வெடிமுனை ஒன்றுதான், வைக்க இடமோ மூன்றுக்கு உண்டு. அப்படி 400 ஏவுகணைகள் நிற்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது 400-ஆகவும் இருக்கலாம், காகிதக் கணக்கில் 1,200-ஆகவும் இருக்கலாம். ரஷ்யாவின் பல வெடிமுனை ஏவுகணைகளைப் பார்க்கும் அமெரிக்கருக்கும் இதே நிலைதான். படைத் திட்டம் போடுகிறவர் எந்த நாட்டிலும் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ள மாட்டார்.